இரண்டாவது சர்வரில் ஒரே ஒரு ஆள்

எங்கள் அலுவலகத்தில் அவளுக்குக் கறார் என்று பெயர். வைத்தவன் நான்தான், அதற்காக வருத்தப்பட்டதில்லை. பன்னிரண்டு மணிக்கு லைன் போகும் என்று அறிவித்தால் பன்னிரண்டுக்குப் போகும். ஒரே நிமிஷம் என்று கெஞ்சுகிறவர்களிடம், முன்கூட்டியே சொன்னோமே என்பாள். ஒருமுறை பெரிய அதிகாரி ஒருவர் பாதி எழுதிய அறிக்கையோடு அறுந்துபோய், கீழே இறங்கி வந்து வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். அவள் சாப்பாட்டு டப்பாவைக்கூட மூடவில்லை. சேமிக்கச் சொல்லி மூன்று தடவை அனுப்பினேன் சார் என்றாள், மிச்சத்தைச் சாப்பிட்டாள்.

எங்கள் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். காப்பீட்டுக் கம்பெனி. புகார் கேட்கும் ஆட்கள் எல்லாரும் வீட்டிலிருந்தே பேசுகிறார்கள். அவர்கள் மேசையில் இருப்பது வெறும் திரை. உண்மையான கணினி எங்கள் சர்வர் அறையில் ஓடுகிறது. நடுவில் வாசல் மாதிரி இரண்டு கனெக்‌ஷன் சர்வர்கள். காலையில் யார் எந்த வாசலில் நுழைவார் என்பது குருட்டாம்போக்கு. அவற்றைப் புதிய பதிப்புக்கு மாற்ற வேண்டுமென்றால், ஒன்றில் புதிதாக யாரும் வராமல் அடைப்போம். உள்ளே இருப்பவர்கள் போகக் காத்திருப்போம். போகாதவர்களை அறுத்துவிட்டு மாற்றுவோம். அப்படி அறுக்கும்போது கறாரின் கை தயங்கி நான் பார்த்ததே இல்லை.

முதல் சர்வரை மாற்றிய அன்று ஏழெட்டுப் பேர் நகராமல் இருந்தார்கள். அறுத்தாள். அதில் ஒருவன் அவள் அக்கா புருஷன்.

அந்த ஆளைப் பற்றிப் பேச எனக்குப் பொறுமை போதாது. போனில் குரல் தேன். வாடிக்கையாளர்களிடம் அதிகப் பாராட்டு வாங்குகிறவன் என்று அவன் படத்தை வரவேற்பறையில் வேறு மாட்டியிருந்தார்கள். வீட்டில் கை நீட்டுவான். லைன் போனால், பெண்டாட்டிதான் ஏதோ ஒயரை இழுத்துவிட்டாள் என்பது அவன் முடிவு. அன்றும் எழுந்து சமையலறைக்குப் போனான். இழுப்பறையைத் திறந்து, அவள் இடது கையை உள்ளே பிடித்து வைத்து, காலால் உதைத்து மூடினான். மூன்று விரல்கள் ஒடிந்தன. நாலு வயதுக் குழந்தை கதவருகே நின்று பார்த்தது.

அவன் அடிப்பான் என்று கறாருக்குத் தெரியும். எப்போது அடிப்பான் என்று தெரியாது. லைன் போனால் எப்போதும் இப்படித்தான் என்று ஆஸ்பத்திரியில் அக்கா வாய்தவறிச் சொன்ன பிறகுதான் தெரிந்தது. மறுநாள் கேன்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“நான் இங்க கட் பண்ணியிருக்கேன், அங்க அவ வாங்கியிருக்கா. எத்தனை தடவையோ.”

அன்றுதான் அவள் அழுது பார்த்தேன். போலீசுக்கும் போனார்கள், புருஷன் பெண்டாட்டி சண்டை, பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். குழந்தை அந்த வீட்டில் இருந்ததால் அக்கா கட்டுப் போட்ட கையோடு திரும்பிப் போனாள்.

அடுத்த வாரம் இரண்டாவது சர்வரின் முறை. பழைய பதிப்பில் ஓட்டை இருக்கிறது, மதியத்துக்குள் முடிக்க வேண்டும் என்று மேனேஜர் காலிலே வெந்நீரைக் கொட்டிக்கொண்டு நின்றார். காலையில் பார்த்தால், அந்த ஆள் அன்றைக்கு அதே சர்வரில் வந்து உட்கார்ந்திருக்கிறான்.

கறார் அக்காவுக்குப் போன் செய்தாள். இன்றைக்கு லைன் போகும், போவதற்குள் வெளியே வந்துவிடு என்றாள். அக்கா முதல்முறையாகச் சரி என்றாள். ஷிப்டில் இருக்கும்போது அவன் நாற்காலியை விட்டு எழுந்தால் மேற்பார்வையாளருக்குத் தெரிந்துவிடும். அதனால் லைன் இருக்கும்வரை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஹெட்செட்டோடு கிடப்பான். அவ்வளவு நேரம்தான் அக்காவுக்கு உயிர்.

சர்வரை அடைத்தாள். வெளியேறச் சொல்லி எல்லாருக்கும் அனுப்பினாள், அவனைத் தவிர. கொஞ்சம் கொஞ்சமாக எல்லாரும் போய், திரையில் ஒரே ஒரு ஆள் மிஞ்சினான். அக்காவை அழைத்துவரப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“நான் போன் பண்ற வரைக்கும் அவனை விட்டு வை. தொட்டுடாதே.”

அவள் போய் அரை மணி நேரத்தில் மேனேஜர் வந்துவிட்டார். ஏன் இன்னும் முடியவில்லை என்றார். பேக்கப் ஓடுகிறது என்று புளுகினேன். திரையைப் பார்த்தார். ஒரே ஒரு ஆளுக்காகவா காத்திருக்கிறோம் என்று கேட்டுக்கொண்டே என் தோளுக்கு மேலே கையை நீட்டி மவுசைப் பிடித்து அழுத்திவிட்டார். அந்த ஒரு ஆளும் மறைந்தான். நான் திரும்பி மேனேஜரை அறைந்தேன். கண்ணாடி பறந்தது, உதடு கிழிந்து சட்டையில் ரத்தம் சொட்டியது. அறைந்ததில் எனக்கு வருத்தமில்லை. ஒரு நொடி முன்னால் அறைந்திருக்க வேண்டும். கறாருக்குப் போன் போட்டேன், அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

அப்போது அவளும் அக்காவும் குழந்தையோடு அக்கா வீட்டு மூன்றாவது மாடிப் படிக்கட்டில் இருந்தார்கள். மீதியைக் கறார் ஆஸ்பத்திரிக் கட்டிலில், வீங்கின வாயோடு எனக்குச் சொன்னாள்.

அவன் கழுத்தில் ஹெட்செட்டோடு கதவைத் திறந்து வந்தானாம். அக்காவின் தலைமுடியைப் பிடித்து இழுத்தான். குழந்தை இடுப்பிலிருந்து நழுவியது. கறார் அவன் மணிக்கட்டைக் கடித்தாள். அவன் முடியை விட்டுவிட்டு இவளைத் தூக்கிப் படியில் எறிந்தான். கைப்பிடிக் கம்பியில் மோதி மூக்கு உடைந்தது. அப்படியே ஊர்ந்து வந்து அவன் இரண்டு காலையும் சேர்த்துக் கட்டிப் பிடித்துக்கொண்டு, ஓடு என்று கத்தினாள். அவனும் தடுமாறி உட்கார்ந்தான். ஒரு காலை உருவிக் குதிகாலால் மிதித்தான். வாயில், காதில், விலாவில். விலா எலும்பு முறிந்த சத்தம் தனக்கே கேட்டது என்றாள். மற்ற காலை விடவில்லை. எந்த வீட்டுக் கதவும் திறக்கவில்லை.

கீழே வண்டி தயாராக நின்றது. அக்கா குழந்தையை உள்ளே உட்கார வைத்தாள். ஏறம்மா என்றான் டிரைவர். அக்கா வண்டிக் கதவை வெளியிலிருந்து சாத்திவிட்டுத் திரும்பவும் படியேறினாள்.

சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு உருளையைக் கழற்றி, நல்ல கையாலும் கட்டுப் போட்ட கையாலும் மார்போடு அணைத்து எடுத்து வந்து, அவன் தோளில் இறக்கினாள். அவன் சாய்ந்தான். அடுத்ததை முழங்காலில் போட்டாள். தேன் குரல் அலறியது. அப்போதுதான் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அவன் கையெடுத்துக் கும்பிட்டான். மூன்றாவது முறை தூக்கியபோது, செத்துவிடுவான் என்று கறாருக்குப் பயம் வந்துவிட்டது.

“அக்கா, போதும்.”

“நானும் இத்தனை வருஷமா போதும் போதும்னுதான் சொன்னேன்” என்றாள் அக்கா. “அவன் நிறுத்தினானா?”

கேட்டுவிட்டு, அதையும் போட்டாள்.