தட்டு பிடித்த கைகள்

கையில் தட்டு இருந்ததால் எனக்குக் கிடைத்த முதல் பரிசை என்னால் வாங்க முடியாமல் போயிற்று.

எங்கள் பக்கம் விழா என்றால் பெண் பிள்ளைகள் தட்டோடு நிற்க வேண்டும். மைக் செட், நாற்காலி, ஷாமியானா மாதிரி அதுவும் ஒரு ஏற்பாடு. வாசலில் சந்தனம், கற்கண்டு, பன்னீர்ச் செம்பு. மேடையில் சால்வைக்கு ஒரு தட்டு, கத்தரிக்கோலுக்கு ஒரு தட்டு, பரிசுக்கு ஒரு தட்டு. "லட்சணமா நாலு பிள்ளைகளைப் பாத்து நிறுத்துங்க" என்று மேலிடத்திலிருந்து சொல்லி அனுப்புவார்கள். யார் லட்சணம், யார் லட்சணமில்லை என்று வகுப்பு வாசலில் நின்று விரலை நீட்டி எடுப்பார்கள். எடுபட்டவளுக்கும் அவமானம், விடுபட்டவளுக்கும் அவமானம்.

பல்கலைக்கழகத்தில் நான் படித்த கடைசி வருடம் பேச்சுப் போட்டியில் எனக்கு முதல் பரிசு. தலைப்பு பெண் விடுதலை. சிரிக்காதீர்கள். பரிசுத் தட்டும் நான்தான் பிடித்திருந்தேன். என் பெயரைக் கூப்பிட்டார்கள். தட்டை யாரிடம் கொடுப்பதென்று தெரியவில்லை, பக்கத்தில் ஆளும் இல்லை. சிறப்பு விருந்தினர் கோப்பையைத் தட்டிலிருந்து எடுத்தார், இடமும் வலமும் பார்த்தார். "நான்தான் சார்" என்றேன். "ஓ" என்று சொல்லிவிட்டுக் கோப்பையை மறுபடி அதே தட்டில் வைத்தார். கூட்டம் கைதட்டியது. அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.

பல வருடம் கழித்து அதே பல்கலைக்கழகத்துக்குக் கௌரவ விரிவுரையாளராகப் போனேன். பெயர் வேண்டாம், வாய்க்காலைத் தாண்டி வயலுக்கு நடுவில் இருக்கிற ஒரு தனியார் பல்கலைக்கழகம். கௌரவம் என்பது பதவியின் பெயரில் மட்டும்தான். ஒவ்வொரு ஜூனிலும் புது உத்தரவு வந்தால் வேலை உண்டு, வராவிட்டால் இல்லை. என் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. அதனால் ஏப்ரலிலிருந்தே நான் எல்லோரையும் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்துவிடுவேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

பல்கலைக்கழகத்துக்குத் தரம் போட ஆய்வுக் குழு வரப்போகிறது என்றதும் நான் வேலை பார்த்த பெண்ணியல் துறைக்கு ஓர் அறை கிடைத்தது. உடைந்த பெஞ்சுகள் கிடந்த அறை. பெண், பாலினம் பற்றிய கலைக்கு அதை ஒரு காட்சிக்கூடமாக்கச் சொல்லி என்னிடம் சாவியைக் கொடுத்தார்கள். மாணவிகள் வரைந்த ஓவியங்களும் துணியில் தைத்த படங்களும் மூன்று சுவர்களை நிறைத்தன. நான்காவது சுவர் மொட்டையாக நின்றது. விழாக் குழுத் தலைவர் வந்து பார்த்தார். அவர் மூத்த பேராசிரியர், என் ஜூன் உத்தரவு அவர் மேசை வழியாகத்தான் வரவேண்டும். "நம்ம விழாக்கள்ல லேடீஸ் கலந்துக்கிட்ட போட்டோக்களை மாட்டுங்க. பாக்க நிறைவா இருக்கும்" என்றார்.

பழைய விழாப் படங்கள் எல்லாம் பாளையங்கோட்டையில் ஸ்டுடியோ வைத்திருந்த அண்ணாச்சியிடம் இருந்தன. தன் கம்ப்யூட்டரைத் திறந்து என்னை உட்கார வைத்தார். ஒரு பகல் முழுக்கப் பார்த்தேன். பெண்கள் இருந்தார்கள். அதாவது, ஓரத்திலிருந்து ஒரு தட்டு நீளும், தட்டைப் பிடித்து இரண்டு கைகள் இருக்கும். முழங்கைக்கு மேலே ஒன்றும் கிடையாது. சால்வை போர்த்தும் படம், நாடா வெட்டும் படம், குத்துவிளக்குப் படம், எல்லாவற்றிலும் இதே கதைதான்.

"அண்ணாச்சி, பிள்ளைகள் முகம் எங்கே?" என்று கேட்டேன்.

"முக்கியஸ்தர் மொகம் விழணும்லாம்மா. ரெண்டு மொகத்தையும் போட்டா அவரு சின்னதாத் தெரிவாரு. அதான் பைய ஒதுக்கிருவேன்."

"எவ்வளவு காலமா ஒதுக்குதிய?"

"தொழில் கத்துக்கிட்ட நாள்லேருந்து. இதுல என்ன குத்தம்? தட்டு தெரியுதுல்லா?"

அவரைத் திட்ட வாயெடுத்தபோதுதான் அடுத்த படம் வந்தது. விருந்தினர், கோப்பை, தட்டு, இரண்டு கைகள். இடது கையில் டயல் உள்பக்கமாகத் திருப்பிக் கட்டிய கடிகாரம். வலது மணிக்கட்டில் குக்கர் சுட்ட தழும்பு. தழும்பு இப்போதும் என் கையில் இருக்கிறது. பரிசு ஜெயித்தவளையே வெட்டி எறிந்துவிட்டுப் பரிசைப் படம் எடுத்திருந்தார் மனிதர். வயிறு எரிந்தது. இத்தனை வருடம் இதை ஒரு நகைச்சுவையாகத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன் என்பதை நினைத்து இன்னும் எரிந்தது.

அந்தப் படங்களையே பெரிதாகப் போட்டுத் தரச் சொன்னேன். நான்காவது சுவரில் வரிசையாக மாட்டினேன். ஒவ்வொன்றுக்கும் கீழே சுவரில் ஒரு சாண் இடம் விட்டேன். அழியாத மை உள்ள பேனா என்று கேட்டு வாங்கி, ஒரு கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன். மேலே இரண்டே வரி: "இது உங்கள் கையா? உங்கள் பெயரை எழுதுங்கள்."

ஆய்வுக் குழு வந்தது, தலையாட்டியது, டீ குடித்துவிட்டுப் போனது. அதற்கு அப்புறம்தான் வேலையே ஆரம்பித்தது. மாணவிகள் சுவரைப் படம் பிடித்து ஊரெல்லாம் அனுப்பிவிட்டார்கள். களக்காட்டிலிருந்து ஒரு பள்ளிக்கூட டீச்சர் மகளோடு வந்தார். ஒரு வளையலை வைத்துத் தன் கையைக் கண்டுபிடித்து, இனிஷியலோடு பெயரை எழுதி, "பாருட்டி, ஒங்க அம்மை இங்கன நின்னவ" என்று மகளிடம் காட்டினார். திசையன்விளையில் துணிக்கடை வைத்திருந்த ஒருத்தி இரண்டு பஸ் மாறி வந்தாள். "சந்தனத் தட்டோட மூணு மணி நேரம். ஒண்ணுக்குப் போகக்கூட விடலை, படுபாவியொ" என்று சொல்லிக்கொண்டே எழுதினாள்.

நான் மட்டும் எழுதவில்லை. என் படத்துக்குக் கீழே இடம் காலியாகவே இருந்தது. மாணவிகளுக்கு அது என் கை என்று நான் சொல்லவும் இல்லை. ஜூன் பயம்தான், வேறென்ன.

ஒரு நாள் அறையைக் கூட்ட வரும் அக்கா துடைப்பத்தைச் சாத்திவிட்டு ஒரு படத்தின் முன்னால் நின்றார். யாரோ ஒரு பெரிய மனிதர் மரக்கன்று நடுகிறார். ஓரத்தில் பச்சை குத்திய ஒரு கை, அதில் தண்ணீர்க் குடம்.

"டீச்சர், இது எங்கை."

"உங்க கையா?"

"அந்தக் கன்னுக்கு அன்னைக்கு ஒரு வாட்டிதான் அவரு ஊத்துனாரு. பொறவு தெனமும் நாந்தான் ஊத்துனேன். இப்பம் மரமா நிக்கி. கீழ பலகைல அவரு பேருதான் கெடக்கு." பேனாவை எடுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக எழுதினார். எழுதி முடித்துத் தள்ளி நின்று பார்த்துவிட்டு, மிச்சத் தரையைக் கூட்டினார்.

ஆண்டு விழாவுக்கு முந்தின வாரம் விழாக் குழுத் தலைவர் கையில் மையை அழிக்கிற தின்னர் பாட்டிலோடு வந்தார். வாசலில் மாணவிகள் கூடிவிட்டார்கள்.

"என்ன மேடம் இது? சுவர் பூராவும் கிறுக்கி வச்சிருக்கீங்க. நிறுவனர் வாராரு. பாதிப் பாதிப் படமாத் தொங்குதேன்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்? எல்லாத்தையும் கழட்டுங்க, சுவரைத் துடைங்க. ஜூன் மாசம் வருது, ஞாபகம் வச்சுக்கிடுங்க."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ரெண்டு நாள் டைம் குடுங்க சார்" என்றேன். அதை இன்று நினைத்தாலும் என்னையே நாலு அறை அறையலாம் போலிருக்கிறது.

அவர் பாட்டிலை அக்காவிடம் நீட்டினார். "இவங்க செய்ய மாட்டாங்க. நீ துடை."

அக்கா பாட்டிலை வாங்கினார். சுவரைப் பார்த்தார். "மத்த மூணு செவரையும் தொடைக்கேன் சார். இதுல எம்பேரு இருக்கு. அதை நானே அழிக்கணுமாக்கும்?"

"சரி, ஒன் பேரை மட்டும் விட்டுரு. மத்ததை அழி."

"அது நல்லாவா இருக்கும்? மத்தவ்வொளும் தட்டோட நின்னவ்வொதான." பாட்டிலைத் திருப்பி அவர் கையிலேயே வைத்தார். "நீங்க அழிங்க சார். நாங்க பாத்துக்கிட்டு நிக்கோம்."

"வேலை வேண்டாமா ஒனக்கு?"

"வேணும் சார். அதான் கூட்டிக்கிட்டு இருக்கேன்" என்று சொல்லித் துடைப்பத்தை எடுத்துக்கொண்டார்.

தலைவர் பாட்டிலோடு நின்றார். மூடியைத் திறக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. வாசலில் ஒரு பிள்ளை சிரித்துவிட்டாள். அக்காவுக்கு ஜூன் வரைக்கும்கூட உத்தரவாதம் கிடையாது, நாளைக்கே வராதே என்று சொல்லிவிடலாம். அவர் நிமிர்ந்து நிற்கிறார். பெண் விடுதலை பேசிக் கோப்பை ஜெயித்த நான் தவணை கேட்டுக்கொண்டு நிற்கிறேன்.

நேரே போய்ப் பேனாவை எடுத்தேன். என் படத்துக்குக் கீழே, விட்டிருந்த இடம் முழுக்க நிறைகிற மாதிரி, என் பெயரை எழுதினேன். அதற்கும் கீழே "பேச்சுப் போட்டி, முதல் பரிசு" என்று எழுதினேன். மாணவிகள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஜூன்ல பாக்கலாம் மேடம்."

"பாக்கலாம் சார்" என்றேன். பாட்டிலைத் திறக்காமலே அவர் போய்விட்டார்.

ஜூனில் எனக்கு உத்தரவு வரவில்லை. ஒரு வாரம் அழுதேன். அதை மறைக்க மாட்டேன். பிறகு வண்ணார்பேட்டையில் ஒரு பயிற்சி மையத்தில் வகுப்பு எடுக்கப் போனேன். சம்பளம் குறைவு, யாரையும் பார்த்துச் சிரிக்க வேண்டியதில்லை. அக்காவை அவர்கள் வேலையை விட்டு அனுப்பவில்லை. அந்தக் கூலிக்கு அவ்வளவு அறையைக் கூட்ட வேறு ஆள் கிடைக்கவில்லை. நான்காவது சுவர்மேல் கைவைக்க அதற்கப்புறம் யாரும் முன்வரவில்லை.

போன வாரம் அக்கா போன் செய்தார். "டீச்சர், இன்னைக்கும் ரெண்டு பேரு வந்திருக்காவ. எழுத எடமே இல்ல. அழிச்சிட்டு எழுதலாமான்னு கேக்காவ. என்ன சொல்லட்டும்?"

"எதையும் அழிக்கக் கூடாது" என்றேன். "வெளியே வராந்தாச் சுவர் சும்மாதானே இருக்கு. அதுல எழுதச் சொல்லுங்க."