அண்ணாத்த என்று கூப்பிட்டார்கள்

அணு ஆராய்ச்சிக் குடியிருப்பில் எல்லோருக்கும் நான் 'சார்'. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இத்தனை வருஷமாகியும் இந்தக் கடற்கரை என்னை ஊர்க்காரனாகச் சேர்த்துக்கொள்ளவில்லை என்றொரு குறை எனக்கு. அது தீர்ந்த நாளைத்தான் சொல்கிறேன். தீராமலே இருந்திருக்கலாம்.

ஈ.சி.ஆரில் ஞாயிற்றுக்கிழமை பைக்குகள் சீறத் தொடங்கியிருந்த சமயம். திருவிடந்தைக் கோயிலுக்குப் போய்விட்டு நானும் மனைவியும் பஸ்ஸுக்காக ஒரு கடையோரம் ஒதுங்கினோம். கடைக்காரருக்குத் திக்குவாய். பைக்கில் வந்த நாலு பையன்கள் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒவ்வொரு ஜாடியாகத் தட்டி விலை கேட்டார்கள். அவர் திணறிச் சொல்லி முடித்ததும், "கேக்கலயே, இன்னொரு தபா சொல்லு" என்றார்கள்.

நான் பிஸ்கட் பாக்கெட் ஒன்றை எடுத்து, அதில் என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று படித்துக்கொண்டிருந்தேன். பரீட்சைக்குக்கூட அவ்வளவு கவனமாகப் படித்ததில்லை.

ஒருவன் என் தோளில் கைபோட்டான். "இன்னா அண்ணாத்த, உனுக்காவது புரிஞ்சுதா?"

அண்ணாத்த! குளிர்ந்துபோனேன். சிரிக்கவைத்தால் போய்விடுவார்கள் என்று எனக்கு நானே ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டேன்.

"அவர் சொல்லி முடிக்கிறதுக்குள்ள விலை ஏறிடும்பா."

ஜாடிகளைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். கடைக்காரரும் சிரித்தார். பாவம், வேறென்ன செய்வார். ஆனால் யாரும் போகவில்லை. அடுத்த ஜாடிக்கு என் வசனத்தையே எடுத்துக்கொண்டார்கள்.

மனைவி அவர்களை விலக்கிக்கொண்டு முன்னால் போய் நின்றாள். பையன்களை ஏறிட்டும் பார்க்கவில்லை.

"அண்ணாச்சி, கடலைமிட்டாய் என்ன விலை?"

எங்கள் ஊரில் கடைக்காரர்களை அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் முதல் எழுத்திலேயே மாட்டிக்கொண்டார். பின்னாலிருந்து ஒருவன், "வெல ஏறிடப்போவுது" என்றான்.

"நீங்க சொல்லுங்க அண்ணாச்சி. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

அவர் சொல்லி முடிக்கும்வரை நின்றாள். அப்புறம் பொரிகடலை விலை கேட்டாள். வீட்டில் கட்டுக்கட்டாக இருக்கும் ஊதுபத்திக்கும் கேட்டாள். வேடிக்கை செத்துப்போய்ப் பையன்கள் வண்டியைக் கிளப்பினார்கள். என் தோளில் கைபோட்டவன், "வர்ட்டா அண்ணாத்த" என்றான். என் கை தானாகவே எழுந்து ஆடியது.

பஸ்ஸில் திட்டுவாள் என்று காத்திருந்தேன். "டாட்டா வேற காட்டினீங்க" என்றதோடு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த முறை போனபோது எல்லா ஜாடியிலும் விலை எழுதிய சீட்டு ஒட்டியிருந்தது. இருந்த மரியாதையையெல்லாம் குரலில் கூட்டி, "அண்ணாச்சி, கடலைமிட்டாய் என்ன விலை?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார். வாயைத் திறக்காமல் சீட்டைக் காட்டினார்.

மனைவி அவரிடம் ஏதோ விசாரித்தாள். அவளுக்கு மட்டும் நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக மல்லுக்கட்டி, மழை பெய்த கதையை முழுசாகச் சொன்னார். நான் பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துப் படிக்கத் தொடங்கினேன்.