சாக்ஸைக் கழற்றாத காலை

மருத்துவமனையில் நோயாளிகளுக்கு எடை பார்ப்பது அவள் வேலை. அங்கே அவளுக்குக் 'கழட்டு அக்கா' என்று பெயர். எடை மேடையில் யார் ஏற வந்தாலும், "செருப்பக் கழட்டு, சாக்ஸக் கழட்டு, சாவிக்கொத்த வெளிய வை" என்று விரட்டுவாள். "விட்டா தோலையும் கழட்டச் சொல்லுவீங்க போல" என்று நோயாளிகள் முணுமுணுப்பார்கள். அசரமாட்டாள்.

அன்று மேடையில் ஏறியவர் அவளுடைய கணவர். ஒரு காலத்தில் இரும்பு பீரோவை ஒற்றை ஆளாய் மாடிக்கு ஏற்றியவர். இப்போது அந்த ஒரு சாண் உயரத்துக்கே அவள் தோள் வேண்டியிருந்தது.

உயரத்தையும் எடையையும் வைத்து, கொழுப்பு நீங்கலாக உடம்பு எத்தனை கிலோ என்று டாக்டரம்மா கணக்குப் போடுவார். நாற்பத்தெட்டு தேறினால்தான் புற்றுநோய் மருந்து. போன மாதம் தேறவில்லை. அன்றிலிருந்து முட்டையும் பாலுமாய் ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"சாக்ஸு?" என்று குனிந்தார் கணவர்.

"இருக்கட்டுங்க. குளிருதுல்ல."

"அடேங்கப்பா! ஊருக்கு ஒரு சட்டம், புருஷனுக்கு ஒரு சட்டமா?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில் சாக்ஸை மாட்டிவிட்டபோது, அவர் கணுக்காலில் தன் விரல் பதிந்த குழி நிரம்பாமல் அப்படியே நின்றதைப் பார்த்திருந்தாள். பார்க்காததுபோல் சாக்ஸை மேலே இழுத்துவிட்டிருந்தாள்.

எடை ஐந்து கிலோ ஏறியிருந்தது.

"கிட்டத்தட்ட ஐம்பது வருது!" டாக்டரம்மா நிமிர்ந்தார். "நீங்க எடுத்த எடைன்னா கண்ண மூடிட்டு நம்பலாம். இன்னிக்கே ஆரம்பிச்சிடலாம். இந்தக் கணக்குக்குத் தகுந்த அளவுதான் மருந்து. கொஞ்சம் கூடினாலும் உடம்பு தாங்காது."

கணவர் முகம் மலர்ந்தது. அவள் பார்வை அவர் சாக்ஸை விட்டு நகரவில்லை. கணக்குக்குச் சதையும் ஒன்றுதான், உடம்பில் தேங்கிய நீரும் ஒன்றுதான். இல்லாத சதைக்கான மருந்தை இந்தக் கூடு எப்படித் தாங்கும்? சொன்னால் மருந்து கிடையாது. சொல்லாவிட்டால் அந்த மருந்தே எமன்!

பொத்தென்று அவர் காலடியில் உட்கார்ந்தாள். ஒரு கால் சாக்ஸை உருவினாள். சாக்ஸின் விளிம்பு இருந்த இடத்தில், கயிறு கட்டி இறுக்கியதுபோல் பள்ளம் விழுந்திருந்தது.

"டாக்டரம்மா, இது சதை இல்ல. வீக்கம். தெரிஞ்சேதான் நான் சாக்ஸக் கழட்ட விடல."

டாக்டரம்மா கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். "முதல்ல இது வடியணும்மா. வடிஞ்சா, கணக்கு நாற்பத்தெட்டு தேறாது."

கணவர் மெல்லக் கேட்டார்: "ஏன்டி, ஒரே ஒரு நாள் உன் சட்டத்த மறந்திருக்கக் கூடாதா?"

"மறந்துதாங்க பார்த்தேன். முடியல."

உருவிய சாக்ஸைக் கையில் சுருட்டியபடி அவர் வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தார். எடை மேடைக்கு அடுத்த நோயாளி வந்து நின்றார்.

"செருப்பக் கழட்டணுமாக்கா?"

பெஞ்சைப் பார்த்தபடி அவள் ஆமென்று தலையை மட்டும் ஆட்டினாள்.