கடற்கரையில் வெட்டிய நத்தார் மரம்

எங்கள் வீட்டு நத்தார் மரம் ஒரு பொய் என்று நான் கண்டுபிடித்தபோது எனக்கு எட்டு வயது.

அந்த வருடம் ஓய்வுநாள் பாடசாலையில் ரீச்சர் மரங்களைப் பற்றிப் பாடம் எடுத்தார். வேதாகமத்தின் தொடக்கத்தில் ஒரு மரம், முடிவில் ஒரு மரம், நடுவில் சிலுவை என்கிற மரம் என்றார். கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு நாம் வைக்கும் பச்சை மரம் சாகாத வாழ்வுக்கு அடையாளம் என்றும் சொன்னார். மற்றப் பிள்ளைகள் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள். நான் வீட்டுக்கு வந்து அலுமாரிக்கு மேலிருந்த பெட்டியை இறக்கிப் பார்த்தேன். கொழும்பிலிருந்து மாமி அனுப்பிய பிளாஸ்டிக் மரம். உயிரே இல்லாதது எப்படிச் சாகாத வாழ்வுக்கு அடையாளமாகும் என்று அப்பாவிடம் கேட்டேன். அப்பா துறைமுகத்தில் எழுதுவினைஞர், எங்கள் திருச்சபைக்குச் செயலாளர். கேள்விகளை ஒத்திவைப்பதில் இரண்டு இடத்திலும் பழகியவர். "பிறகு பாப்பம்" என்றார்.

சித்தப்பா எதையும் ஒத்திவைக்கமாட்டார். நத்தாருக்கு இரண்டு நாள் இருக்கும்போது, மழை விட்ட ஒரு காலையில், என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு உப்புவெளிக் கடற்கரைக்குப் போனார். அங்கே மணலில் இளஞ்சவுக்குகள் வரிசையாக நின்றன. கடல் ஊருக்குள் வந்து போனதற்குப் பிறகு நட்டவை. ஒன்று மட்டும் வரிசையைவிட்டுத் தள்ளி, தனியாக, செழிப்பாக நின்றது. ஊருக்குள் திரியும் மான்கள் கடிக்காமல் அதைச் சுற்றிப் பழைய மீன்வலை கட்டியிருந்தார்கள். ஒரு கிளையில் வெளிறிப்போன நீல ரிபன் ஒன்றும் கட்டியிருந்தது.

"இது ஆற்றயோ மரம் போல கிடக்கு சித்தப்பா" என்றேன்.

"கடற்கரையில நிக்கிறது அரசாங்கத்தின்ர மரம். அரசாங்கம் எண்டா எல்லாருக்கும் சொந்தம்" என்று சொல்லிக்கொண்டே வலையை அறுத்தார். கத்தியால் நான்கு வெட்டு. மரம் என் கைகளில் வந்து சாய்ந்தது. ரிபனை நான் அவிழ்க்கவில்லை. முதல் சோடனை தானாகவே அமைந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். திரும்பும் வழியில் சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் மரத்துக்குள் கையைவிட்டுத் தேடினான். எறும்பைத் தவிர ஒன்றும் அகப்படாததால் சிரித்துவிட்டுப் போகச் சொன்னான்.

அந்த நத்தாரில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் மரத்தைத்தான் பார்த்தார்கள். பஞ்சு வைத்து, கடதாசி நட்சத்திரங்கள் கட்டி, சின்ன மின்குமிழ்கள் சுற்றியிருந்தோம். கரோல் பாட வந்த போதகர் என் தலையைத் தடவி, "உயிருள்ள மரம்" என்றார். அப்பாவுக்குப் பெருமை. எங்கே வெட்டினது என்று அவர் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

நத்தாருக்கு மறுநாள் காலை, கடல் கொண்டுபோனவர்களுக்காக எல்லோரும் கரைக்குப் போவது வழக்கம். மூன்றாவது வருடம் அது. கோயிலுக்குப் போகிறவர்களும் பள்ளிவாசலுக்குப் போகிறவர்களும் எங்கள் சபையாரும் ஒரே மணலில் நின்று மௌனமாக இருந்தோம். கடல் இரைந்துகொண்டிருந்தது. மௌனம் முடிந்து எல்லோரும் பூப் போட நகர்ந்தபோதுதான் நான் அந்தப் பெண்ணைக் கண்டேன்.

அறுந்த வலைக்கு நடுவில் இருந்த அடிக்கட்டையின் முன்னால் அவர் குந்தியிருந்தார். பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர். வாழையிலையில் கொஞ்சம் பூ, இரண்டு டொபி மிட்டாய். அவர் அழவில்லை. வெட்டுப்பட்ட இடத்தை விரலால் திரும்பத் திரும்பத் தடவிக்கொண்டிருந்தார். புருஷன் நின்றபடி சுற்றியிருந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "அஞ்சு வயசுப் பிள்ளை. உடம்புகூடக் கிடைக்கேல்ல. தாட்டு வைக்க ஒண்டும் இல்லாமத்தான் இந்த மரத்தை வச்சனாங்கள். இவ மூண்டு வருஷமா வாளியில தண்ணி கொண்டந்து ஊத்தினவ."

அப்பாவின் கையைப் பிடித்து இழுத்து, "அப்பா, அது எங்கட மரம்" என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார். அந்தக் கட்டையைப் பார்த்தார். என்னை இழுத்துக்கொண்டு போய் ஓட்டோவில் ஏற்றினார். வீட்டில் மின்குமிழ்களை மட்டும் பிடுங்கி எறிந்தார். சித்தப்பாவைத் தேடினோம், ஆளைக் காணவில்லை. பஞ்சோடும் நட்சத்திரங்களோடும் மரத்தைத் தூக்கிக்கொண்டு அதே ஓட்டோவில் திரும்பினோம்.

கூட்டம் விலகி வழிவிட்டது. அப்பா மரத்தை அந்தப் பெண்ணின் முன்னால் மணலில் கிடத்தினார். சபையில் எல்லோரும் எழுந்து நின்று மரியாதை செய்கிற அப்பா, முழங்காலில் நின்றார்.

"என்ர தம்பியும் பிள்ளையும்தான் வெட்டினவை. தெரியாமச் செய்துபோட்டினம். என்ன சொல்லுறதெண்டு எனக்குத் தெரியேல்ல அக்கா."

புருஷன் கையை ஓங்கினார். அந்தப் பெண் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். பஞ்சை ஒதுக்கி, நட்சத்திரங்களை ஒதுக்கி, ரிபனைத் தேடி எடுத்தார். அது அவிழாமல் அப்படியே இருந்தது. அதை விரலால் நீவிவிட்டார்.

ஏதாவது சொல்லவேண்டும் போல இருந்தது. "அன்ரி, வெட்டின அடிக்கட்டையிலயிருந்து தளிர் வருமெண்டு வேதத்தில இருக்கு. ரீச்சர் சொன்னவ" என்றேன்.

அப்பாவின் கை என் தோளை நொறுக்குவது போலப் பிடித்தது.

அந்தப் பெண் முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். "உனக்கு எத்தினை வயசு பிள்ளை?"

"எட்டு."

அவர் எழுந்து என் கிட்ட வந்தார். அடிக்கப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். உள்ளங்கை ஒன்று என் உச்சந்தலையில் மெல்லப் படிந்தது. கண்ணைத் திறந்தபோது, அந்தக் கையை அப்படியே நேராக இழுத்துத் தன் நெஞ்சுக்குக் கீழே வைத்து, அது எவ்வளவு உயரத்துக்கு வருகிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா கடல் பக்கம் திரும்பி நின்றார்.

மத்தியானம் சாப்பிடும்போது அம்மா அங்கே என்ன நடந்தது என்று கேட்டார். அந்த அன்ரிக்குக் கோபம் இல்லை, எனக்குச் சட்டை தைக்கப்போகிறா போல, வயசு கேட்டு அளவெடுத்தவ என்று சொன்னேன். அம்மா சோறு போட்ட அகப்பையைச் சட்டிக்குள் வைத்தார். பிறகு குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் நல்ல செய்திதானே சொன்னேன் என்று நினைத்தபடி, மிச்சச் சோற்றைச் சாப்பிட்டு முடித்தேன்.