சகலை வீட்டு இருட்டு

எனக்குப் பொறாமை. யார் மேல, எதுக்குன்னு சுத்தி வளைக்காம சொல்லிடுறேன். என் சகலை மேல. அவர் வீட்டு ரூமு இருட்டா இருக்குங்கிறதுக்காக. சிரிக்கிறவுக சிரிச்சுக்கோங்க. உங்க பொண்டாட்டி தினமும் அந்த இருட்டுல போய்த் தூங்குனாத்தான் உங்களுக்குத் தெரியும்.

என் வீட்டுக்காரி ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு ஆஸ்பத்திரியில நர்ஸ். நான் தளவாய்புரத்துல நைட்டி தைக்கிற கம்பெனியில கட்டிங் மாஸ்டர். அவளுக்கு வடக்க வேலை, எனக்குத் தெக்க வேலை. அதனால நடுவுல, ராஜபாளையத்துல, ஒரு மாடி வீட்டை வாடகைக்குப் பிடிச்சோம். பொங்கல் கழிச்சு அவளுக்குத் தொடர்ந்து நைட் டூட்டி போட்டாங்க. காலையில எட்டரைக்கு வந்து சேருவா. நான் ஒம்பதுக்குக் கிளம்பணும். அந்த அரை மணி நேரம் ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து இட்லி திம்போம். குடும்பம் நடத்துறதுன்னா எங்களுக்கு அம்புட்டுத்தான். ஆனா அது போதுமா இருந்துச்சு.

வெயில் ஏறுன பொறவுதான் வினை ஆரம்பிச்சுச்சு. எங்க படுக்கையறை ஜன்னல் கிழக்கு பாத்தது. காலையில சூரியன் நேரா கட்டில்லயே வந்து உக்காரும். அது மேல ஏறிப் போனா எதிர்வீட்டு மொட்டமாடி ஆரம்பிச்சிடும். வெக்கை தாங்காம அந்த மனுசன் மாடி முழுக்க வெள்ளை பெயிண்ட் அடிச்சு வச்சிருந்தாரு. அவருக்கு வீடு குளுந்துச்சு, எங்களுக்குக் கண்ணு கூசுச்சு. அவ துப்பட்டாவைக் கண்ணுல கட்டிக்கிட்டுப் படுத்துப் பாத்தா. வேர்வையில நனஞ்சு எந்திரிச்சா. ரெண்டு மணி நேரம் தூங்குனா பெரிய விஷயம்.

ஒரு நாள் காலையில ஒம்பது மணியாச்சு, ஆளக் காணோம். போன் வருது. அழுதுக்கிட்டே பேசுறா. பஸ்ஸுல அசந்து தூங்கி, ராஜபாளையத்துல இறங்க வேண்டியவ சிவகிரியில முழிச்சிருக்கா. கண்டக்டர் தோளைத் தட்டி எழுப்பியிருக்காரு. பைக்கை எடுத்துட்டுப் போய்க் கூட்டியாந்தேன். சாயங்காலமே அவ அக்கா போன்: "எதுக்குட்டி இந்த அலைச்சல்? டூட்டி முடிஞ்சா இங்க வந்து படு. ரூமு சும்மாதான கெடக்கு."

அக்கா வீடு ஸ்ரீவில்லிபுத்தூர்லயே, மடவார் வளாகத்துல. சொந்த வீடு. சகலைக்குத் தொழிலே அலுமினிய ஜன்னல் போடுறது. தன் வீட்டுக்கு விடுவாரா? கறுப்புக் கண்ணாடி, அதுக்கு மேல பிலிம், அதுக்கும் மேல ரெட்டைக் கம்பியில ரெண்டு திரை. ஒரு ஞாயித்துக்கிழமை என்னைக் கூட்டிட்டுப் போய் உள்ள நிறுத்திக் கதவைச் சாத்துனாரு. என் கை விரல் எனக்கே தெரியல. "ஒரு பொட்டு வெளிச்சம் வராது சகல"ன்னாரு. பெருமையாக்கூடச் சொல்லல, சாதாரணமாத்தான் சொன்னாரு. எனக்குக் காதுல புகை வந்துச்சு.

மொதல்ல ஒரு நாள் அவ அங்க தங்குனா. பொறவு வாரத்துல மூணு நாள். பொறவு வாரம் பூராவும். அங்கயே தூங்கி, அங்கயே குளிச்சு, அங்கயே சாப்பிட்டு, அங்க இருந்தே டூட்டிக்குப் போயிடுவா. லீவு நாள்ல மட்டும் விருந்தாளி மாதிரி வீட்டுக்கு வருவா. முகம் தெளிஞ்சு போச்சு, கண்ணுக்குக் கீழ இருந்த கருவளையம் போச்சு. சந்தோசப்படணும்ல? படல. ஒரு நாள் பல் துலக்கப் போனேன், டப்பாவுல என் பிரஷ் மட்டும் நிக்குது. அன்னைக்கு எனக்கு வயிறு எரிஞ்ச எரிச்சல் இருக்கே, அதுல நாலு தோசை சுட்டிருக்கலாம்.

போனைப் போட்டுக் கேட்டேன்: "ஏட்டி, நம்ம ரூமை அதவிட இருட்டா ஆக்கிக் காட்டுனா வந்துருவியா?"

சிரிச்சா. "ஆக்குங்க. வாரேன்."

விஷயம் தெரிஞ்சு சகலை போன் பண்ணுனாரு. "ஒரு மணி நேர வேலை சகல. டிரில்லிங் மெஷினைத் தூக்கிட்டு வாரேன்."

"வாடகை வீடு சகல"ன்னேன்.

"ஓ, ஆமால்ல"ன்னாரு. அந்த ஆமால்ல-வ இன்னைக்கு நெனச்சாலும் பத்திக்கிட்டு வருது.

கீழ் வீட்டுல இருக்கிற வீட்டுக்கார அம்மா தெலுங்கு பேசுறவுக. நல்லவுகதான். ஆனா ஆணின்னு வாயெடுத்தாப் போதும், "வொத்து, வொத்து"ன்னு தெலுங்குல ரெண்டு தடவை, "வேணாம்ப்பா"ன்னு தமிழ்ல ஒரு தடவை சொல்லிடுவாக. ஆணி கூடாது, ஓட்டை கூடாது, சுவத்துல எதையும் ஒட்டவும் கூடாது. சரி, சுவத்தைத் தொடாமலே செய்யுறேன்னு கங்கணம் கட்டிக்கிட்டேன்.

மொதல்ல நியூஸ் பேப்பரைத் தண்ணியில நனச்சுக் கண்ணாடியில ஒட்டுனேன். காஞ்சதும் அப்பளம் மாதிரி சுருண்டு விழுந்துச்சு. செல்லோ டேப் போட்டு ஒட்டுனேன். நின்னுச்சு, ஆனா வெயில் பின்னாடி இருந்து அடிக்கவும் கட்டில்ல படுத்துக்கிட்டே செய்தி படிக்கலாம்போல இருந்துச்சு. அதைக் கிழிச்சுப் போட்டுட்டு என் தொழிலுக்கு வந்தேன். கறுப்பு லைனிங் துணி, ரெண்டு மடிப்பு. ஜன்னல் கம்பி இரும்புதான? ஹார்டுவேர்ஸ் கடையில பட்டன் அளவுக்குச் சின்னச் சின்னக் காந்தமா வாங்கி, துணியோட ஓரத்துல மடிச்சு உள்ள வச்சுத் தச்சேன். கொண்டுபோய்க் கிட்ட காட்டுன ஒடனே டக்கு டக்குன்னு கம்பியைப் போய்ப் பிடிச்சுக்கிடுச்சு. ஆணியும் இல்ல, ஓட்டையும் இல்ல. நானே எனக்குக் கை தட்டிக்கிட்டேன்.

ஆனா பாருங்க, பதினஞ்சு வருசமா நைட்டி வெட்டுன கை. என்னையறியாம கீழ வீச்சு விட்டு வெட்டியிருக்கு. நைட்டின்னா நடக்க வசதியா கீழ அகலம் வேணும். ஜன்னல் எங்க நடக்கப் போகுது? ஃபேனைப் போட்ட ஒடனே துணி பொசுக்குன்னு மேல தூக்குது, வெளிச்சம் பளிச்சுன்னு தலகாணியில அடிக்குது. என்னை நானே திட்டிக்கிட்டு அம்புட்டையும் பிரிச்சேன்.

மறுபடி நேரா வெட்டித் தச்சேன், கீழயும் காந்தம் வச்சு. ஓரத்துல கசியுற வெளிச்சத்துக்குக் கட்டிங் வேஸ்டை அடச்சு நீளமா உருட்டித் தச்சு, சட்டத்துக்கும் கம்பிக்கும் நடுவுல திணிச்சேன். மேல வெண்டிலேட்டருக்குத் துணி வர்ற அட்டைப்பெட்டியை அளவெடுத்து வெட்டி இறுக்கமா சொருகுனேன். கதவுக்குக் கீழ ஒரு துணி உருளை. சுவிட்ச் போர்டுல எரியுற செவப்புப் பொட்டுக்கு மெடிக்கல்ல வாங்குன காகித பிளாஸ்டர், உரிச்சா பெயிண்ட் வராது. எல்லாம் முடிச்சுக் கதவைச் சாத்திட்டு நடுவுல நின்னேன். கையைத் தூக்கிப் பாத்தேன். விரல் தெரியல. என் கண்ணே பட்டுரும்போல இருந்துச்சு.

திங்கக்கிழமை வந்தா. பையில பிரஷ்ஷும் வந்துச்சு. ரூமைப் பாத்து, "அடியாத்தே, எம்புட்டு இருட்டு!"ன்னா. அன்னைக்கு இட்லி இறங்குன மாதிரி எனக்கு என்னைக்கும் இறங்குனதில்ல.

வேலைக்குப் போனேன். துணியில கத்திரி ஓடுது, மனசு வீட்டுல நிக்குது. தூங்குறாளா? வெளிச்சம் வருதா? கிளம்பி அங்க போயிட்டாளா? மத்தியானம் சாப்பிடுற சாக்குல பைக்கை விரட்டிட்டு வந்து கதவைத் திறந்து பாத்தேன். தூங்குறா. சாத்துனேன். செத்த நேரம் கழிச்சு இன்னொரு தடவை திறந்தேன். செவ்வாயும் வந்தேன். புதன்கிழமை வீட்டுக்கார அம்மாவையே மாடிக்குக் கூட்டியாந்து, கதவைத் திறந்து காட்டி, "பாருங்கம்மா, ஒரு ஆணி இருக்கா?"ன்னேன். அவுக, "ஐயோ, பிள்ளை தூங்குதுப்பா"ன்னு பின்னாடி நகந்தாக.

வியாழக்கிழமை என் புத்தி எங்க போச்சோ தெரியல. சகலைக்கு வீடியோ கால் போட்டேன். கதவை மெதுவாத் திறந்து, உள்ள போய், போனைத் திருப்பிக் காட்டுனேன்.

"என்ன சகல, ஒண்ணுமே தெரியலயே?"ன்னாரு.

"அதான் சகல! அதத்தான் காட்டுறேன்!"

கட்டில் ஆடுச்சு. போன் வெளிச்சம் அவ மூஞ்சியில நீலமா அடிச்சுக்கிட்டு இருந்துச்சு. எந்திரிச்சு உக்காந்துட்டா. சத்தம் போட்டிருந்தாக்கூட எனக்குத் தேவலையா இருந்திருக்கும். மெதுவாத்தான் பேசுனா.

"நாலு நாளா நான் தூங்கலங்க. கண்ணசரும்போதெல்லாம் கதவைத் திறக்கீக. அக்கா வீட்டுல நான் எந்திரிக்கிற வரைக்கும் அத்தான் வீட்டுல அலுமினியம் அறுக்குற மெஷினையே போட மாட்டாக, தெரியுமா? வாசல்ல பெல் அடிக்காம, அக்காவுக்குப் போன் போட்டுத்தான் வெளிய கூப்பிடுவாக. அங்க ஜன்னலால ஒண்ணும் நான் தூங்கல. என்னைத் தூங்க விட்டாக, தூங்குனேன்."

போனைப் பாத்தேன். சகலை எப்பவோ கட் பண்ணியிருந்தாரு. அந்த நாகரிகத்துலயும் அந்த மனுசன் என்னை முந்திட்டாரேன்னு அப்பயும் எரிஞ்சுச்சு, பொய் சொல்லல.

"நாளைக்கு வரட்டா, வேணாமா? நீங்களே சொல்லுங்க"ன்னு கேட்டுட்டு செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. "வா"ன்னு சொல்லிட்டு வெளிய வந்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தா. நான் ஒம்பதுக்குக் கிளம்புனவன் மத்தியானம் தளவாய்புரத்துலயே சாப்பிட்டேன். என்ன சாப்பிட்டேன்னு கேட்டா தெரியாது. பைக் சாவி மேசை மேல கெடந்துச்சு, அதைப் பாக்காம இருக்கிறதுக்குள்ள உசிரே போயிடுச்சு. நாலு மணிக்கு, அஞ்சு மணிக்கு, போன்கூடப் பண்ணல.

ஆறு மணிக்கு வந்து மாடிப்படி ஏறுனேன். கதவு லேசாத் திறந்திருந்துச்சு. உள்ள அவ அக்காகூடப் போன்ல பேசிக்கிட்டு இருந்தா. குரல் முழுசாத் தெளிஞ்சிருந்துச்சு.

"நல்லாத் தூங்குனேன்க்கா. அடிச்சுப் போட்ட மாதிரி. மணி அஞ்சரைக்குத்தான் முழிச்சேன்னா பாரேன்." செத்த நேரம் அங்கிட்டு அக்கா பேசுனதைக் கேட்டுக்கிட்டு இருந்தா. பொறவு சொன்னா: "ஆமாக்கா, இன்னைக்கு மத்தியானம் அவுக வரல."

நான் சத்தம் காட்டாம பத்துப் படி கீழ இறங்கிப் போய், செருப்பு சத்தம் கேக்குற மாதிரி திரும்ப ஏறி வந்தேன்.