முழுக்கு எடுக்காத அப்பா

காக்ஸ் டவுன் சபையில் இன்று என் மகளுக்கு ஞானஸ்நானம். முழுக்கு கொடுக்கும் தொட்டியிலிருந்து எழுந்த பிளீச்சிங் பவுடர் வாடை என்னைப் பத்து வயதுக்கு இழுத்துப் போனது.

அன்று அப்பா முழுக்கு எடுக்க வெள்ளை வேட்டி சட்டையோடு இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தார். "யார் மேலயாவது மனஸ்தாபம் இருந்தா முதல்ல ஒப்புரவாகிட்டு வாங்க" என்றார் பாஸ்டர். அப்பா சட்டென்று வெளியே ஏறினார். கத்தோலிக்கரைக் கல்யாணம் செய்ததற்காக அப்பா வீட்டைவிட்டுத் துரத்திய அக்கா, என் ரோஸி அத்தை, அம்மா கெஞ்சி அழைத்ததால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வீட்டில் யாரிடமும் குரல் தாழ்த்தாத அப்பா ஈரம் சொட்டச் சொட்ட அவள்முன் மண்டியிட்டார்.

"மன்னிச்சிடுக்கா."

"உனக்கு முழுக்கு வேணும், அதுக்கு நான் மன்னிக்கணுமா?" என்று அத்தை எழுந்து போய்விட்டாள். அப்பா அதே ஈரத்துணியோடு பஸ் ஸ்டாப் வரைக்கும் ஓடினார். பஸ் கிளம்பிவிட்டிருந்தது.

பிறகு அவர் தேடிப்போனபோதெல்லாம் அத்தை கதவைத் திறக்கவில்லை. "அக்கா மன்னிக்கட்டும், அப்புறம் தண்ணியில இறங்குறேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தவர், இறங்காமலே இறந்துபோனார். அடக்கத்துக்குத்தான் அத்தை வந்தாள்.

இன்று என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தை, என் மகள் நனைந்து எழுந்ததும் கேட்டாள்.

"உங்கப்பன் கடைசி வரைக்கும் முழுக்கு எடுக்கலையாடீ?"

"இல்ல அத்தை. உங்க ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருந்தாரு."

அத்தை தொட்டியையே பார்த்தபடி, "இப்ப சொன்னா அவனுக்குக் கேக்குமா?" என்றாள்.

"சொல்லுங்க அத்தை" என்றேன்.

"தம்பி..." என்று தொடங்கினாள். அழுதாள்.