நானே மாட்டிய ஸ்நார்கெல்

மூன்று மாதம் யூட்யூப் பார்த்துப் படித்து, என் பழைய ஜீப்புக்கு நானே ஸ்நார்கெல் மாட்டினேன். வெள்ளத்தில் போகும்போது இன்ஜின் மூச்சு இழுக்க, கூரை உயரத்துக்கு ஏறி நிற்கும் குழாய் அது.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கிய டிரில்லிங் மிஷினால் முன்பக்கத் தகட்டில் ஓட்டையும் நான்தான் போட்டேன். முதல் ஓட்டை தப்பான இடத்தில் விழுந்தது. அதன்மேல் இப்போது ஒரு ஸ்டிக்கர் இருக்கிறது.

முடிச்சூரில் எங்கள் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்: "இந்த வருஷம் வெள்ளம் வந்தா பயப்படாதீங்க. நான் வந்து ஏத்திக்கிறேன்."

இன்று காலை கனமழை எச்சரிக்கை வந்தது. அடுத்த பத்தாவது நிமிடம் ஜீப்பை தண்ணீர் ஏறாத மேம்பாலத்தின் மேல் ஓரமாக நிறுத்திவிட்டேன். எனக்கு முன்னால் அங்கே ஒரு கார்கூட இல்லை.

இரண்டாவதாக வந்தது எதிர் வீட்டு ரஹீம் பாயின் சின்ன கார். இறங்கியவர் குழாயை அடியிலிருந்து நுனி வரை பார்த்தார்.

"சார், இது தண்ணியில போற வண்டின்னீங்களே?"

"ஆமா பாய்."

"அப்புறம் இன்னாத்துக்கு இங்க கொண்டாந்து நிறுத்திட்டீங்க?"

"மெக்கானிக் மாட்டியிருந்தா தைரியமா இறக்கியிருப்பேன் பாய். மாட்டினது நானாச்சே!"

பாய் தன் காரைப் பூட்டினார். வீட்டுக்குப் போக ஆட்டோ பிடித்தார். பெரிய மனசு பண்ணி என்னையும் ஏற்றிக்கொண்டார்.

ஜீப்புக்குப் பின்னால் இன்னும் நாலு வண்டிக்கு இடம் இருக்கிறது, மக்களே. வருகிறவர்கள் ஸ்டிக்கரை மட்டும் பிய்க்க வேண்டாம்.